அணிவகுப்பில் ஏறாதவர்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு அடித்தளத்தில் குனிந்துதான் நடக்க வேண்டும். துணி துவைக்கும் எந்திரம்வரை குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஓமா தன் பாவாடைகளைத் தொங்கவிட்டிருப்பார். ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்த வேண்டிய வெள்ளை உள்பாவாடைகள், கஞ்சி போட்டு விறைத்து நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே கட்டும் கருநீலப் பாவாடையில் கொசுவம் ஒவ்வொன்றும் விரல் அகலம்கூட இருக்காது. அந்தக் கொசுவங்களை ஒவ்வொன்றாக நீவி, நூல் ஓட்டிக் கட்டி, இஸ்திரி போட்டுப் பிறகு நூலை உருவ வேண்டும். இத்தனை பாடும் ஒரே ஒரு சனிக்கிழமைக்காக. அன்றுதான் சிகாகோ ஜெர்மானியரின் ஸ்டூபன் அணிவகுப்பு.

ஓமா எங்கள் வீட்டுக்காரர். சிகாகோவின் வடபகுதியில், லிங்கன் ஸ்கொயரில், செங்கல்லில் கட்டிய டூ-ஃபிளாட் அவருடையது. கீழ்த்தளத்தில் அவர் இருந்தார், மேல்தளத்தில் நாங்கள். 2009-இல் குடிபோனோம். கணவருக்கு மென்பொருள் வேலை. எனக்குக் கிடைத்தது எச்-4 விசா. அப்போதைய சட்டப்படி அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகக் கூடாது. பொழுது கிடந்தது. ஓமாவுக்குக் கண் மங்கி வந்ததால் ஊசியில் நூல் கோக்க ஆள் வேண்டியிருந்தது. எங்கள் சிநேகிதம் அப்படித் தொடங்கியது. தெருவில் சிறுசு பெருசு எல்லோருக்கும் அவர் ஓமா, அதாவது பாட்டி. எனக்கும் அப்படியே ஆனார்.

அவரை ஜெர்மன்காரர் என்றே நினைத்திருந்தேன். ஜெர்மனியில் எந்த ஊர் என்று கேட்டதற்கு, “நான் அங்கே குடியிருந்ததே இல்லையே” என்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆஸ்திரியப் பேரரசு, துருக்கியரிடமிருந்து மீட்ட நிலங்களில் குடியேற்றுவதற்காக ஜெர்மன் உழவர்களைப் படகேற்றி டான்யூப் ஆற்றோடு கீழே அனுப்பியது. இன்றைய செர்பியா, ருமேனியா, ஹங்கேரிப் பக்கங்களில் அவர்கள் ஊர் கண்டார்கள். டான்யூப் ஸ்வாபியர் என்பது அவர்களுக்குப் பின்னாளில் வந்த பெயர். ஓமா பிறந்தது யூகோஸ்லாவியாவில். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக அந்த ஊர்களைக் காலிசெய்து, கிழவர், பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் முகாமில் அடைத்தார்கள். பசியிலும் காய்ச்சலிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். ஓமாவுக்கு அப்போது ஒன்பது வயது. எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குத் தப்பி, அகதியாகச் சில ஆண்டுகள் கிடந்து, 1950களில் சிகாகோ வந்து சேர்ந்தார்.

இவ்வளவும் அவராகச் சொன்னது. அதே ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்கள் ஹிட்லரின் எஸ்.எஸ். படைப்பிரிவுகளில் போய்ச் சேர்ந்ததும், அவர்கள் பால்கன் மலைக் கிராமங்களில் செய்ததும் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கின்றன. ஓமாவின் அப்பா எந்தச் சீருடை போட்டுக்கொண்டு போனார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. மேசைமேல் அந்தக் கேள்வி எங்களுக்கு நடுவே எப்போதும் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அவர் சமையலும் நான் கேள்விப்பட்ட ஜெர்மன் சமையலைப்போல இல்லை. ஹங்கேரிக்குப் பக்கத்து மண் என்பதால் மிளகாய்ப்பொடி தாராளமாக விழும். காரம் கம்மிதான், நிறம் ஆளை மிரட்டும். ஷ்பேட்ஸ்லே என்று ஒன்று செய்வார். கோதுமை மாவில் முட்டை ஊற்றித் தளரப் பிசைந்து, ஒரு பிடியுள்ள அச்சில் போட்டுக் கொதிக்கும் தண்ணீருக்குள் நேராகப் பிழிவது. அந்த அச்சைப் பார்த்த மாத்திரத்தில் நம்ம முறுக்கு உழக்கின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று தெரிந்துவிட்டது. அந்தத் தீபாவளிக்கு 49பி பேருந்தில் டெவான் அவென்யூ போய் அரிசி மாவும் கடலை மாவும் வாங்கிவந்து, அதிலேயே ஓமப்பொடி பிழிந்தேன். ஓமா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, “இதைத் தண்ணீரில் போட்டிருக்கலாமே, ஏன் எண்ணெயை வீணாக்குகிறாய்” என்றார். ஆனால் தட்டு காலியானது.

லிங்கன் ஸ்கொயரில் நடந்தால் ஜெர்மனி என்று ஒரு நாடகத்துக்குப் போட்ட அரங்குக்குள் நடப்பதுபோல முதலில் தோன்றும். மே மாதம் நெட்டுக்குத்தாய் நிற்கும் மேபோல் கம்பம், சுவரெல்லாம் ஓவியம், 1965-லிருந்து 2017 வரை நடந்த சிகாகோ பிரவ்ஹவுஸ் உணவகம், அதில் மேடைக் கச்சேரி, நடனம், தட்டு கொள்ளாத ஷ்னிட்சல். எனக்கு அங்கே உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் மசியலும்தான் ஆகாரம். பிரவுன் லைனில் வெஸ்டர்ன் நிலையத்துக்குள் பெர்லின் சுவரின் ஒரு துண்டு நிற்கிறது. பெர்லின் நகரம் கொடுத்தது; 2008-இல் நிறுவினார்கள். காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால்தான் அரங்கில் நடிக்கிறவர்கள் யார் யார் என்று தெரியும். லிங்கன் அவென்யூவில் மெர்ஸ் என்ற மருந்துக்கடை இருக்கிறது. மர அலமாரிகள், பீங்கான் ஜாடிகள், ஐரோப்பியச் சோப்புகள், மூலிகைத் தேநீர். 1875-இல் பீட்டர் மெர்ஸ் தொடங்கிய கடை, மூன்றாம் தலைமுறையோடு மூடப்படவிருந்தது. 1972-இல் அதை வாங்கி, பழைய முறையிலேயே நடத்துவது என்று முடிவெடுத்து, 1982-இல் இந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் அப்துல் கயூம் என்ற மருந்தாளர். சிகாகோவின் மிகப் பழைய ஜெர்மன் மணத்தை நுகர வேண்டுமானால் அப்துல் கயூமின் கடைக்குத்தான் போக வேண்டும். ஓமா முழங்கால் வலித் தைலத்துக்கு வேறு கடை மிதிக்க மாட்டார். கொஞ்ச தூரத்தில் இருந்த பழைய ஜெர்மன் இறைச்சிக்கடை மூடியபின் அந்த இடத்துக்கு வந்தது போலந்துக் குடும்பம் ஒன்றின் கடை. இதைப் பார்த்து ‘எல்லாம் போச்சு’ என்று புலம்புகிறவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கடையைத் திறந்துவைக்க யாராவது வேண்டும். பெயர்ப்பலகையிலுள்ள குடும்பமே நடத்த வேண்டும் என்று என்ன கட்டாயம்?

வேலைக்குப் போக முடியாத எனக்குச் சல்சர் நூலகம் பாதி வீடாக இருந்தது. அதே லிங்கன் அவென்யூவில், பத்து நிமிட நடை. வடபகுதிச் சுற்றுவட்டாரங்களின் வரலாற்றுக்கென்றே அங்கே ஒரு தனிச் சேகரிப்பு உண்டு. அங்கே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் என்னை ஒரு கணக்கு குடையத் தொடங்கியது. 1900-இல் சிகாகோவில் 4,70,000 பேர் ஜெர்மனியில் பிறந்தவர்கள், அல்லது அங்கே பிறந்த தாய்க்கோ தகப்பனுக்கோ பிள்ளைகள். நகரத்தில் நாலில் ஒருவர். அத்தனை பேரின் நகரம் எங்கே போயிற்று? ஒரு சதுக்கமும் ஒரு மேபோலும் சில சாசேஜ் கடைகளும்தானா மிச்சம்?

போன இடத்தைப் பழைய தாள்கள் சொல்லின. 1914 ஜூனில் லிங்கன் பூங்காவில் ஜெர்மன் கவி கதேக்கு ஒரு பெரிய சிலை திறந்தார்கள். அது கதேயின் உருவம் அல்ல; முழங்காலில் கழுகை ஏந்தி நிற்கும் பீமகாயன் ஒருவன். அந்தத் தன்னம்பிக்கைக்கு ஆயுசு சில வாரம்தான். ஆகஸ்டுக்குள் ஐரோப்பாவில் போர். 1917-இல் அமெரிக்காவும் அதில் இறங்கியது. பிஸ்மார்க் ஹோட்டல் ராண்டால்ஃப் ஹோட்டல் ஆனது. ஜெர்மானியா கிளப் லிங்கன் கிளப் ஆனது. பெர்லின், ஹாம்பர்க் என்றிருந்த தெருக்களுக்கு வேறு பெயர் வைத்தார்கள். ஹாம்பர்க் தெரு ஷேக்ஸ்பியர் பெயரைச் சுமந்துகொண்டது. சிகாகோ சிம்பனியை 1905-லிருந்து நடத்திவந்த ஃபிரெடரிக் ஸ்டாக், குடியுரிமைத் தாள்கள் முடிவாகவில்லை என்பதால் 1918-இல் மேடையை விட்டு இறங்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு திரும்பினார். இதே இல்லினாய் மாநிலத்தின் தென்மேற்கில், காலின்ஸ்வில் என்ற ஊரில், ராபர்ட் பிராகர் என்ற ஜெர்மன் தொழிலாளியை 1918 ஏப்ரலில் ஒரு கும்பல் மரத்தில் தூக்கிலிட்டது. வழக்கு நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட அத்தனை பேரும் விடுதலை.

அதற்குப் பிறகு யார் தெருவில் நின்று ஜெர்மனில் பேசுவார்கள்? வீட்டுக்குள் பேசினார்கள், பிறகு வீட்டுக்குள்ளும் பேசவில்லை. இரண்டாம் போர் வந்தபோது அடங்குவதற்கு அதிகம் மிச்சமில்லை. 1959-இல் ‘டாங்க்’ என்று சுருக்கி அழைக்கப்படும் ஜெர்மன் அமெரிக்க தேசியப் பேரவை தொடங்கியதே, ‘நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான்’ என்று நிமிர்ந்து சொல்ல ஓர் அமைப்பு வேண்டும் என்றுதான். வெஸ்டர்ன் அவென்யூவில் அவர்களுடைய ஆறு மாடிக் கட்டடத்துக்கு ஓமாவோடு போயிருக்கிறேன். மேல்மாடியிலிருந்து பார்த்தால் நகரத்தின் கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். காப்பி, கேக், சீட்டாட்டம். ஓமாவைப்போல 1950களில் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் அங்கே அதிகம். 1900-இல் நாலில் ஒருவராக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் புறநகர்களில் அமெரிக்கர்களாகக் கரைந்துவிட்டார்கள். ஆக, அந்த மூத்த குடிகளின் விழாவை அவர்கள் சார்பில் கொண்டாடிக்கொண்டிருந்தது, ஜெர்மனியிலேயே வாழ்ந்திராத அகதிகள்.

அணிவகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் நாயகர் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் வான் ஸ்டூபன், பிரஷ்யப் படைக்காரர். 1778 பிப்ரவரியில், வாஷிங்டனின் படை குளிரிலும் பட்டினியிலும் குன்றிக்கிடந்த வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு வந்து, ஆங்கிலம் அறியாமலே, மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொண்டு திட்டித் திட்டி அந்தப் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் கொண்டுவந்த அறிமுகக் கடிதம் அவரை லெஃப்டினன்ட் ஜெனரல் என்றது. உண்மையில் அவர் பிரஷ்யாவில் கேப்டன் பதவியைத் தாண்டியதில்லை. இதை வீட்டில் சொன்னபோது என் கணவரும் அவருடைய அலுவலக நண்பர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரெஸ்யூமேயில் இரண்டு வருஷம் கூட்டிப் போட்டு அமெரிக்கா வந்தவர்களுக்கு ஒரு குலதெய்வம் கிடைத்துவிட்டதே!

முன்பு இந்த அணிவகுப்பு நகரின் நடுவே பெரிய கட்டடங்களுக்கு இடையில் போகும். 1986-இல் வந்த ‘ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்’ படத்தில், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் வண்டிமேல் ஏறிப் பாடுவானே, அது இந்த அணிவகுப்புதான். நான் இருந்த காலத்தில் லிங்கன் அவென்யூவிலேயே நடந்தது. லெடர்ஹோசன் என்ற தோல் கால்சட்டை போட்ட தொப்பைகள், டிர்ண்டல் கவுன் உடுத்திய சிறுமிகள், பித்தளை வாத்தியம், திருவிழாச் சங்கத்தின் இளவரசன் இளவரசி, பீப்பாய் ஏற்றிய குதிரை வண்டி, பள்ளிக்கூட பேண்டு. பேண்டில் வாசித்த பிள்ளைகளில் பாதிப்பேர் மெக்சிகோ முகம், மீதியில் நம் முகமும் இருந்தது. ஓமாவின் டான்யூப் ஸ்வாபியர் சங்கத்துக்கு ஒரு வண்டி. அந்தப் பாவாடைகளோடு அவரை வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். அதில் நான் ஒருத்தி. இளைஞர்கள் தொப்பியில் ரோஸ்மேரிக் கொத்தும் நாடாக்களும் செருகியிருந்தார்கள். ஊர்க்கோயில் திருவிழாவுக்கு அவர்கள் கிராமத்து வழக்கமாம். சுற்றிலும் பவேரிய உடைகளுக்கு நடுவே அந்தக் கருநீலக் கூட்டம் தனியாகத் தெரிந்தது. ஓமாவுக்கு அதில் பெருமை. “அவர்கள் போட்டிருப்பதை வாடகைக்கு எடுக்கலாம். இதை எடுக்க முடியாது” என்பார்.

டிசம்பரில் டேலி பிளாசாவில் நடக்கும் கிறிஸ்ட்கிண்டில் சந்தைக்கு அவர் வரவே மாட்டார். நியூரம்பர்க் சந்தையைப் பார்த்து 1996-இல் தொடங்கியது அது. விலையைக் கேட்டாலே குளிர் விட்டுப்போகும்.

எனக்கு அந்த அணிவகுப்பில் ஒரு மனக்குறை இருந்தது. அது என் அப்பாவால் வந்தது. அவர் மதுரையில் மில் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். மே தினத்தன்று விடியற்காலையில் எங்களை எழுப்பிக் கொடியேற்றத்துக்குக் கூட்டிப்போவார். 1923-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகச் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய கதையை ஆண்டுதோறும் கேட்போம்; அதோடு சிகாகோ என்ற பெயரையும். மற்றவர்களுக்குச் சிகாகோ என்றால் விவேகானந்தர். எங்கள் வீட்டில் ஹேமார்க்கெட்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அப்பா சொன்ன சிகாகோவும் ஓமாவின் சிகாகோவும் ஒன்றே என்று. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே 1-இல் நடந்த வேலைநிறுத்தத்தின் முதுகெலும்பாக ஜெர்மன் தொழிலாளர்கள் இருந்தார்கள். மே 4 இரவு ஹேமார்க்கெட்டில் கூட்டத்தைக் கலைக்க வந்த போலீஸ்மேல் யாரோ குண்டு வீசினார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. குற்றக்கூண்டில் நிறுத்திய எட்டுப் பேரில் ஐவர் ஜெர்மனியில் பிறந்தவர்கள். தலைமையானவர் ஆகஸ்ட் ஸ்பீஸ், ‘அர்பைட்டர் ட்சைட்டுங்’ என்ற ஜெர்மன் தொழிலாளர் நாளிதழின் ஆசிரியர். 1887 நவம்பர் 11-இல் ஸ்பீஸ், பார்சன்ஸ், ஃபிஷர், எங்கெல் நால்வரையும் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள் லூயிஸ் லிங்க் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய மூவரையும் 1893-இல் விடுவித்த ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டும் ஜெர்மனியில் பிறந்தவர்தான். விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று எழுதிவைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதற்கு அடுத்த தேர்தலில் தோற்றார்.

உலகம் முழுக்க, எங்கள் தெருமுனை வரை, வந்து சேர்ந்த ஜெர்மன் சிகாகோ இதுதான். சாசேஜுக்கு வண்டி உண்டு, பீருக்கு வண்டி உண்டு. ஸ்பீஸுக்கு வண்டியை நான் பார்த்ததில்லை. பீரிலும் அரசியல் இருந்தது என்பதுகூட மறந்துவிட்டது. 1855-இல் மேயர் லெவி பூன் மதுக்கடை உரிமக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 300-க்கு உயர்த்தி, ஞாயிற்றுக்கிழமை கடையடைப்பையும் திணித்தபோது ஜெர்மானியர் வடபகுதியிலிருந்து திரண்டு வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். ஞாயிறு ஒன்றுதானே அவர்களுக்கு விடுமுறை! அந்தக் கோபமெல்லாம் வடிந்து கோப்பை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

2011 மே தினத்தன்று ஹேமார்க்கெட் தியாகிகளின் கல்லறைக்குக் கிளம்பினேன். புளூ லைனில் ஃபாரஸ்ட் பார்க் வரை போய் அங்கிருந்து நடை. அந்த இடுகாட்டுக்கு முன்பு வால்ட்ஹைம் என்று பெயர். ஜெர்மானியர் தொடங்கியது. அந்தத் தியாகிகளுக்கு அங்கேதான் ஆறடி நிலம் கிடைத்தது. முக்காடிட்ட பெண்ணொருத்தி, விழுந்துகிடக்கும் தொழிலாளியின் தலையில் இலைமாலை சூட்டிக்கொண்டே முன்னே அடியெடுத்து வைக்கும் வெண்கலச் சிலை. 1893-இல் வைத்தது. செய்த சிற்பி ஆல்பர்ட் வைனர்ட், அவரும் ஜெர்மன்காரர். யாரோ முன்னமே சிவப்புப் பூக்கள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பாவுக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொண்டேன்.

கிளம்புமுன் ஓமாவைக் கூப்பிட்டிருந்தேன். பின்பக்க மரத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தவர் எங்கே என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறியது.

“எங்கள் வீட்டைப் பிடுங்கிக்கொண்டு எங்களை வெளியே தள்ளியவர்கள் கையில் என்ன கொடி இருந்தது தெரியுமா?”

தெரியும். டிட்டோ தலைமையில் போரிட்ட யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்ட் பார்ட்டிசான்களின் தொப்பியில் சிவப்பு நட்சத்திரம். எனக்குக் கொடியேற்றமும் மிட்டாயுமாக இருந்த அதே சிவப்பு, ஒன்பது வயது ஓமாவைக் கம்பிவேலிக்குள் தள்ளியது. வாதாட என்ன இருக்கிறது? சிகாகோக்காரர்கள் அந்தக் கட்சிக்கு வெகுகாலம் முந்தியவர்கள், அரசே வேண்டாம் என்றவர்கள் என்று விளக்கலாம். சரியான விளக்கம்தான். வாசற்படியில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சங்கங்கள் ஏன் அந்த ஐவரை வண்டியில் ஏற்றுவதில்லை என்பதற்கு 1918-இன் அச்சம் ஒன்றே காரணமென்று நூலகத்தில் உட்கார்ந்து எண்ணியிருந்தேன். இப்போது விழாவை நடத்துகிறவர்களுக்கு வேறு ஒரு கணக்கும் இருந்தது.

மாலையில் திரும்பியபோது அவரே கேட்டார். “அந்த ஆட்கள் என்ன தொழில் செய்தார்கள்?”

“ஸ்பீஸ் மெத்தை நாற்காலி தைப்பவர். ஃபிஷர் அச்சுக் கோப்பவர். எங்கெல் பொம்மைக்கடை வைத்திருந்தார். லிங்க் தச்சர்.”

“தச்சர்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பீன்ஸ் பாத்திரத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரவு மதுரைக்குப் பேசினேன். படங்கள் வந்துசேர்ந்ததில் அப்பாவுக்கு ஏக சந்தோஷம். ஓமா சொன்னதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அவங்க பட்டது அவங்களுக்குத்தானே தெரியும்” என்றார். பிறகு, “ஏம்மா, அந்தம்மா வீட்டுக்காரரு என்ன வேலை பார்த்தாரு?” ரேடியோப் பெட்டி செய்யும் ஆலையில் டூல் அண்ட் டை வேலை என்றேன். “யூனியன்ல இருந்தாராமா? கேட்டியா?”

மறுநாள் வாடகைக் காசோலையைக் கொடுக்கக் கீழே போனபோது கேட்டேன். ஓமா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இல்லாமல்? முப்பது வருஷம் எட்டு மணி நேர வேலை, அதற்கு மேல் போனால் ஒன்றரைப் பங்கு கூலி. அதைச் சேர்த்துத்தான் இந்த வீட்டை வாங்கினோம். மேல்தளத்துக்கு வாடகை இந்த வருஷம் ஏற்றவில்லை, பார்த்தாயா?”